எங்கள் காசில் போட்ட ரோடு

நிம்மதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. என் சுபாவம் அப்படி. மனசு லேசாக இருக்கிற நாளில்கூட யாரையாவது நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விஷயம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருடைய பணமும் போகவில்லை. போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரை ஒட்டி ஒரு பம்ப் கம்பெனியில் எனக்கு வைண்டிங் வேலை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டாருக்குத் தாமிரக் கம்பியைச் சுற்றிச் சொருக வேண்டும். எங்கள் செக்‌ஷனில் நாற்பது பேர், எல்லாருமே பெண்கள். என் பக்கத்து பெஞ்சில் ஓர் அக்கா. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றினோம். அவர் கொண்டுவரும் கொள்ளுப் பருப்பில் பாதி என் டிபன் பாக்ஸுக்கு வந்துவிடும். அக்காவின் அப்பா அம்மா அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்த வீடு இருந்ததில்லை. அக்கா குடியிருந்தது லைன் வீட்டில். எட்டு வீட்டுக்கு ஒரே குளியலறை. முதல் ஷிப்ட்டுக்கு வருகிற நாளில் விடிவதற்கு முன்னாலேயே வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அக்கா சீட்டுப் போட்டு, நகையை விற்று, பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் இரண்டரை சென்ட் இடம் வாங்கினார். அஸ்திவாரம் தோண்டி, கல் கட்டி, பேஸ்மட்டம் வரை கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு மேல் எழும்ப பிஎஃப் பணம் வர வேண்டும். ஓய்வு பெறும் அன்று மொத்தமாக வரும், அடுத்த மாதமே சுவர் எழுப்பிவிடலாம் என்பது கணக்கு. செங்கல் சூளைக்காரரிடம் விலைகூடப் பேசி வைத்திருந்தார்.

எங்கள் கம்பெனியில் பிஎஃப் பணத்தை அரசாங்க அலுவலகத்தில் கட்டுவதில்லை. அனுமதி வாங்கி, கம்பெனியே ஒரு டிரஸ்ட் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. அந்த டிரஸ்டில் நிர்வாகத்து ஆட்கள் பாதி, தொழிலாளர்கள் பாதி. வைண்டிங் சார்பில் என்னை அனுப்பினார்கள். வாய் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அக்காதான் முதலில் என்னைக் கை காட்டினார். “நீ போயி உக்காந்தீன்னா எவனும் நம்மள ஏமாத்த மாட்டான் அம்மணி” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

டிரஸ்ட் கூட்டம் ஏசி அறையில் நடக்கும். பிஸ்கட் வைப்பார்கள். காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். கணக்குப் பிரிவு அதிகாரி தமிழில் சொல்லுவார், நாங்கள் தலையாட்டுவோம். ஒருநாள் அவர் ஒரு ரோட்டைப் பற்றிச் சொன்னார். பொள்ளாச்சி ரோட்டு நெரிசலைத் தவிர்க்க ஒரு புறவழிச்சாலை வருகிறது. அதைப் போடுகிற கம்பெனி கடன் பத்திரம் வெளியிடுகிறது. நம் பணத்தில் ஒரு பங்கை அதில் போட்டால் டோல்கேட் வசூலிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வட்டி வரும்.

“ஒரு ரோட்டுக்கு இருவது வருசத்துக்குக் காசு வேணுங்க. உங்க காசு உங்களுக்கு இருவது வருசம் கழிச்சுத்தான் வேணும். இந்த மாதிரி பொருத்தம் அமையறது கஷ்டமுங்க. வளர்ற நாட்டுல எல்லாப் பக்கமும் இப்படித்தான் ரோடும் பாலமும் போடறாங்க” என்றார்.

நான் உடனே கை தூக்கினேன். காரணம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் லோடு எடுத்து வந்து நகரத்து மண்டிகளுக்குப் போடுகிறவர். சின்ன லோடு வண்டிதான், இங்கே எல்லாரும் குட்டியானை என்பார்கள். ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு அவர் வீடு வந்து சேரும்போது மனுஷனாகவே இருக்க மாட்டார். அது போக, ரோடு என்பது கண்ணால் பார்க்கக்கூடிய பொருள். எங்கேயோ பம்பாயில் யாரோ வைத்திருக்கிற காகிதக் கம்பெனியை நம்புவதைவிட, பஸ் ஏறிப் போய்க் காலால் மிதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றில் போடுவது நல்லதில்லையா. இன்றைக்குக் கேட்டாலும் அந்த யோசனையில் தப்பில்லை என்றுதான் சொல்லுவேன். தப்பு வேறு இடத்தில் இருந்தது. கூட்டம் முடிந்து பெஞ்சுக்குத் திரும்பினேன். என்ன பேசினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ரோடு வந்தது. நல்ல ரோடு, குறை சொல்ல முடியாது. ஆனால் அது பாதியில் நின்றது. ரயில் தண்டவாளத்தைத் தாண்ட ஒரு மேம்பாலம் வேண்டும், அது முடியவில்லை. பாலம் இல்லாமலே டோல்கேட்டைத் திறந்தார்கள். லாரிக்காரர்கள் ஒருதரம் வந்து பார்த்தார்கள். தண்டவாளம் வரை காசு கொடுத்துப் போய், அங்கிருந்து பழைய ரோட்டுக்கே திரும்பி, ரயில்வே கேட்டில் நிற்க வேண்டுமென்றால் எவன் வருவான். புரட்டாசியில் வர வேண்டிய வட்டி வரவில்லை.

அதிகாரி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றைக்கு பிஸ்கட் இல்லை.

“பத்திரத்தோட தரத்தைக் கொறைச்சுட்டாங்க. இப்ப விக்கலாமுன்னா அடிமாட்டு வெலைக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமுங்க.”

“பங்குனியில ரிட்டையர் ஆகறவியளுக்கு?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பெனி தொடங்கியபோது ஒன்றாகச் சேர்ந்த ஒரு கூட்டமே ஒரே சமயத்தில் ஓய்வு பெறுகிறது. அவர்களுக்குக் கொடுக்க இந்த வட்டியைத்தான் நம்பியிருந்தார்களாம். மற்ற பணமெல்லாம் இன்னும் பல வருஷம் எடுக்க முடியாத பத்திரங்களில் இருந்தது. இருபது வருஷப் பொருத்தம் பேசியபோது, பொருத்தத்துக்கு வெளியே சில வருஷத்திலேயே பணம் வேண்டியவர்கள் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் என் அக்காவும் இருந்தார். நட்டம் வந்தால் கம்பெனி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்றார் அதிகாரி. அந்த வருஷம் தீபாவளி போனஸையே இரண்டு தவணையாகக் கொடுத்த கம்பெனி அது.

பெஞ்சுக்கு வந்தேன். அக்கா கம்பியைச் சொருகிக்கொண்டே கேட்டார்.

“என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? நம்ம காசு ஒண்ணும் பிரச்சனை இல்லையே?”

“ஒண்ணும் இல்லீங்க்கா. கொஞ்சம் பேப்பர் வேலை. முன்னப்பின்ன ஆகும்னாங்க. நீங்க வெசனப்படாதீங்க.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அதன் பிறகு அதை விட்டு இறங்க வழி தெரியவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்தேன், தினமும் அந்தக் கொள்ளுப் பருப்பைத் தின்றேன். சுவர் எந்தப் பக்கம், சமையலறை எந்தப் பக்கம் என்று அக்கா சொல்லச் சொல்ல, ம் கொட்டினேன். வீட்டில் தட்டு டம்ளர் எல்லாம் என் கையில் பட்டபாடு படும். என்ன என்று வீட்டுக்காரர் கேட்டபோது அவருக்கும் சொல்லவில்லை. டிரஸ்டில் உட்கார்ந்து கை தூக்கியவள் நான். அக்கா பணம் போனால் அதைப் போக்கடித்தது நான்தான் என்றே நினைத்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டோல்கேட்டுக்குப் போனேன். எத்தனை வண்டி போகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். கார் வரும், வேன் வரும், மனசு குளிரும். ஆனால் டோல்கேட் வரை வந்த வண்டியில் பாதி உள்ளே போகவில்லை. முன்னாலேயே இடப்பக்கம் திரும்பித் தென்னந்தோப்புக்குள் மறைந்தது.

“அக்கட்ட என்னங்க ஊரு?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

“ஊரெல்லாம் இல்லீங்க. வாய்க்கா மேடு. அப்படியே போனா டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் போயி ஏறிக்கலாம். தோட்டத்துக்காரர் கவுறு கட்டி வெச்சுப் பத்து ரூவா வாங்கறாரு. இங்க அறுவது ரூவா. நம்ம சனம் எந்தப் பக்கம் போகும்னு சொல்லோணுங்களா?”

சொல்ல வேண்டியதே இல்லை. கல்யாணத்துக்கு லட்சம் லட்சமாகக் கொட்டுகிற எங்கள் சனம், அறுபது ரூபாயை மிச்சம் பிடிக்கப் புது காரின் அடிவயிறு தேய வாய்க்கால் மேட்டில் போகும். அதைப் பத்து பேரிடம் சொல்லிச் சிரிக்கும். எனக்குத் தெரிந்த வண்டி ஒன்று வந்தது. எங்கள் கம்பெனி வண்டி. மோட்டார் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பக்கவாட்டில் எங்கள் கம்பெனிப் பெயரோடு, கூச்சமே இல்லாமல் தோப்புக்குள் திரும்பியது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு குட்டியானை வந்தது. தேங்காய் லோடு. ஓட்டுகிறவர் கையை வெளியே நீட்டித் திரும்பப் போனார், டீக்கடைப் பக்கம் பார்த்தார், வண்டி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர்.

“நீ எங்க இங்க?” என்றார் இறங்கி வந்து.

“நீங்க எங்க அந்தப் பக்கம் போறீங்க?”

“டோல்கேட்டுக்குத் தண்டம் அழுகச் சொல்றயா. ஆறு மாசமா இப்படித்தான் போறேன். எல்லாருந்தான் போறாங்க.”

“அந்த ரோடு யாரு காசுல போட்டதுன்னு தெரியுமாங்க உங்களுக்கு?”

“கவருமெண்டு காசு.”

“என் காசுங்க. எங்க அக்கா காசு. நாப்பது பொம்பளைங்க கம்பி சுத்துன காசு. உங்க அறுவது ரூவா வந்தாத்தான் அந்தக்கா ஊட்டுக்குச் செவுரு எந்திரிக்கும்.”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர், “என் ஒருத்தன் வண்டி போயி என்ன ஆகப்போகுது” என்றார். நியாயமான பேச்சுதான். நான் நியாயம் கேட்கிற நிலையில் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, டோல்கேட் வழியாகப் போனால்தான் வீட்டுக்கு வருவேன் என்றேன். அறுபது ரூபாய் கொடுத்தார். ரசீதை வாங்கி என் கையில் திணித்தார். ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை, ஆனால் வண்டி அதற்குப் பிறகு தோப்புப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை டெஸ்பாட்ச் சூப்பர்வைசரைப் பிடித்தேன். கம்பெனி வண்டி வாய்க்கால் மேட்டில் போகலாமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். “செலவக் கொறைக்கச் சொல்லி மேல இருந்து வந்துருக்குதுங்க” என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. பேசினால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிடும். உலகத்திலேயே வாயாடி என்று பெயர் வாங்கினவள், வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

பங்குனி வட்டியும் வரவில்லை. அக்கா ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், குத்துவிளக்கு கொடுத்தோம், எல்லாரும் அழுதோம். நான்தான் அதிகம் அழுதேன். பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். பணம் வரவில்லை. ஒருநாள் அக்காவின் இடத்தைப் பார்க்கப் போனேன். பேஸ்மட்டத்தின் மேல் யாருடைய வெள்ளாடுகளோ படுத்திருந்தன. கட்டாத சமையலறையின் நடுவில் நாயுருவி முளைத்திருந்தது. பார்க்கச் சகிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணியில் பாலம் திறந்தார்கள். அந்த வாரமே லாரிகள் அந்தப் பக்கம் திரும்பின. பாலக்காடு போகிற லாரி, பொள்ளாச்சியிலிருந்து கொப்பரை ஏற்றி வருகிற லாரி எல்லாம் வரிசை கட்டி வந்தன. வாய்க்கால் மேட்டில் லாரி போக முடியாது. ஒரு லாரி கொடுக்கிற காசு எங்கள் சனத்தின் எத்தனை காருக்குச் சமம். நான் என் வீட்டுக்காரரோடு போட்ட சண்டை, டீக்கடையில் எண்ணிய எண்ணிக்கை, எதற்கும் இதில் பங்கில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புரட்டாசி வட்டி நாள் தவறாமல் வந்தது. தீபாவளிக்கு முன்னால் பழைய பாக்கி இரண்டும் சேர்ந்து வந்தன. அதிகாரி எனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது நான் கேண்டீனில் கை கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

அக்காவுக்கு முழுப் பணமும் வந்தது, தாமதத்துக்கு உண்டான வட்டியோடு. தை மாதம் தளம் போடுகிற அன்று என்னைக் கூப்பிட்டார். கலவை மெஷின் ஓடுகிறது, ஆட்கள் சட்டி மாற்றுகிறார்கள், அக்கா எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கிறார். என் மனசு நிறைந்துபோயிருந்தது. அந்த நிறைவில்தான் வாய் திறந்தது. ரோடு, பத்திரம், வராமல் போன வட்டி, நான் சொன்ன பொய், டீக்கடை, என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா டீ வாளியைக் கீழே வைத்தார்.

“அந்த ரோட்டுலயா கண்ணு நம்ம காசு இருந்துச்சு?”

“ஆமாங்க்கா.”

“அடக் கண்ணு, இந்த அஸ்திவாரத்துக்குக் கல்லு வந்துச்சே, எந்த வழியா வந்துச்சுங்கற? டிராக்டர்க்காரன் டோல்கேட்டுல வந்தா லோடுக்கு எச்சாக் கேப்பேன்னான். நாந்தான் வாய்க்கா மேட்டுலயே வா சாமின்னேன். பதினோரு லோடு. கவுத்துக்காரருக்குப் பத்து ரூவா நானே குடுத்தேன்.”

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த அக்காவுக்காகத்தானே ஒரு வாரம் புருஷனோடு பேசாமல் இருந்தேன் என்று ஒரு பக்கம் எரிச்சலும் வந்தது. பிறகு அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

“தெரிஞ்சிருந்தா டோல்கேட்டுலயே வரச் சொல்லியிருப்பேன். ஏங் கண்ணு சொல்லலை?”

“பயந்துக்குவீங்கன்னுதானுங்க்கா.”

“பயந்தது நானில்ல, நீ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு டீ ஊற்றப் போய்விட்டார்.

அது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. டிரஸ்டில் கை தூக்க அனுப்பியது நாற்பது பேர். அவர்கள் பணம் எந்த ரோட்டில் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்லவில்லை நான். திங்கட்கிழமை மத்தியானம் கேண்டீனில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டைச் சொன்னேன், வராத வட்டியைச் சொன்னேன், வந்ததையும் சொன்னேன். திட்டுவார்கள், யாராவது அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் கேள்வி கேட்டார்கள். பத்திரம் எந்த வருஷம் முடிகிறது, ரோட்டைப் பழுது பார்ப்பது யார், மழையில் இடிந்தால் காசு யாருடையது. பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நம்ம ரோட்டுல போக நாமளே ஏன் காசு குடுக்கோணும் என்று ஒருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியாக ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். அதிகம் பேசாதவள்.

“ஏனுங்க்கா, அந்த ரயில்வே பாலம் முடியாமத்தான் இத்தனை நாள் வெசனப்பட்டீங்களா?”

“ஆமா கண்ணு.”

“எங்க ஊட்டுக்காரரு அங்கதானுங்க வெல்டிங் வேலை செஞ்சாரு. ஆவணியில தொறந்துருவாங்கன்னு மார்கழியிலயே சொன்னாரு. கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனே.”

அவள் எனக்கு மூன்றாவது பெஞ்சு.